ஸ்ப்ரே பெயிண்ட் நாசில் அடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஸ்ப்ரே டின் வாங்குகிறவர்கள் பல ரகம். பைக்குக்கு டச்சப் அடிக்கும் மெக்கானிக், கிரில் பட்டறைக்காரர், ஸ்டென்சில் வைத்துப் படகில் எண் போடுகிறவர், பிள்ளையின் பழைய சைக்கிளைப் புதுசாக்க நினைக்கும் அப்பா. எல்லாரும் கொண்டுவரும் புகார் மட்டும் ஒன்றுதான்: "பாதி டின்னு அப்படியே இருக்கு, அமுக்கினா வர மாட்டேங்குது." அதையொட்டி வரும் சந்தேகங்கள், கேட்டவர்களின் பேச்சிலேயே.

டின்னு மூடித்தானே இருக்கு, காத்தே படாதே, அப்புறம் எப்படி அடைச்சிக்குது?

டின்னுக்குள் இருக்கும் பெயிண்டில் காற்றுப் படாது. அது பல வருஷம் கெடாமல் கிடக்கும். அடைத்துக்கொள்வது வால்வுக்கு மேலே உள்ள பகுதி. விரலை எடுத்ததும் வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் வால்வுக்கும் நாசில் (நாம் அமுக்கும் பிளாஸ்டிக் தலை) துளைக்கும் நடுவே உள்ள சின்னப் பாதையில் கொஞ்சம் பெயிண்ட் தங்கிவிடும். அந்தப் பாதையின் மறுமுனை வெளிக்காற்றைப் பார்த்துத் திறந்தே இருக்கிறது. துளையோ சுமாராக அரை மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு துளி காய்ந்தாலே கதை முடிந்தது.

ஆக, அடைப்பு என்பது வேலை முடிந்த பிறகு நாம் செய்யாமல் விட்ட பத்து வினாடி வேலையின் பலன். டின் மட்டம், கம்பெனி சரியில்லை என்று திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வேலை முடிஞ்சதும் தலைகீழாப் புடிச்சு அடிக்கச் சொல்றாங்களே, எதுக்கு?

டின்னுக்குள் வால்விலிருந்து அடிவரை ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறது. நிமிர்த்திப் பிடித்தால் அதன் நுனி பெயிண்டில் முங்கியிருக்கும். கவிழ்த்தால் பெயிண்ட் வால்வுப் பக்கம் இறங்கிவிடும், குழாயின் நுனி கேஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். அப்போது அமுக்கினால் வெறும் கேஸ் மட்டும் வந்து, குழாய், வால்வு, நாசில் மூன்றிலும் தங்கிய பெயிண்டைத் தள்ளிவிடும்.

பழைய பேப்பரில் அல்லது அட்டைப்பெட்டிக்குள் அடியுங்கள். டின் சாயாமல் நேர்க்குத்தாக இருக்கட்டும். விட்டு விட்டு இரண்டு மூன்று அமுக்கு, மொத்தம் 3 முதல் 5 வினாடி. பேப்பரில் நிறம் விழுவது நின்று 'உஸ்' சத்தம் மட்டும் வந்தால் போதும். பிறகு தின்னர் தொட்ட துணியால் நாசிலின் முகத்தைத் துடைத்து மூடியைப் போடுங்கள். துடைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். துளையைச் சுற்றிக் காய்ந்த விளிம்பு அடுத்த முறை ஸ்ப்ரேயை ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

டச்சப்புக்குத்தான் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் கவுத்து அடிச்சா கேஸ் எல்லாம் போயிடாதா?

போகும், நியாயமான கேள்வி. தினம் நாலு முறை ஒரு வினாடி அடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடி கவிழ்த்து அடித்தால், பெயிண்ட் மிச்சமிருக்கும்போதே கேஸ் தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்த டின்னில் மறுபடி கேஸ் ஏற்ற வழியில்லை.

சின்னச் சின்ன வேலைக்கு வேறு முறை: நாசிலைக் கழற்றித் தின்னருக்குள் போடுங்கள். வால்வுத் தண்டின் (நாசில் உட்காரும் சின்னக் குழல்) வாயைத் தின்னர் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். தண்டை அமுக்கிவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும். அரை மணிக்குள் மறுபடி அடிக்கப்போகிறீர்கள் என்றால் முகத்தைத் துடைப்பதே போதும். அன்றைய வேலை முழுசாக முடிந்ததும் ஒரே ஒரு தடவை கவிழ்த்து அடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் குலுக்கணும்? குண்டு சத்தம் கேட்டாப் போதாதா?

பெயிண்டைக் கலக்க டின்னுக்குள் ஒரு சின்னக் குண்டு உருளும். அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கு ஆரம்பம். அங்கிருந்து முழுசாக 2 நிமிடம். அடிக்கும்போதும் நிமிடத்துக்கு ஒருமுறை சில வினாடி குலுக்குங்கள். அடியில் படிந்த நிறமி கலங்காமல் இருந்தால் குழாய் முதலில் உறிஞ்சுவது அந்தக் கெட்டிச் சேற்றைத்தான். அது நேராக நாசில் துளையில் போய் உட்காரும்.

கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) டின்னில் பெரும்பாலும் குண்டு இருக்காது. சத்தம் வரவில்லையே என்று பதற வேண்டாம்.

அடைச்சிக்கிச்சு. குண்டூசி விட்டுக் குத்தலாமா?

வேண்டாம். அந்தத் துளை வெறும் ஓட்டை இல்லை. பெயிண்டைச் சுழற்றிப் புகையாக்கும் அளவில் வார்த்த பிளாஸ்டிக் அது. ஊசி பட்டால் துளை அகன்று கோணலாகும். அடைப்பு போகும், ஆனால் பிறகு ஸ்ப்ரே வராது, பீய்ச்சும். டின்னில் மாட்டியிருக்கும்போது குத்துவது இன்னும் மோசம். அடைப்பு சட்டென்று விட்டுக்கொண்டால் பெயிண்ட் கண்ணுக்கு வரும்.

முதலில் கழற்றி ஊற வையுங்கள். ஊறியபின் காற்று ஊதுங்கள், துளை முகத்திலிருந்து பின்பக்கமாக. அடைத்த கட்டி குறுகலான இடத்திலிருந்து அகலமான பக்கம் வழியாக வெளியே வரட்டும். பின்பக்கமிருந்து ஊதினால் கட்டி இன்னும் இறுகும். பட்டறை கம்ப்ரசர் என்றால் நாசிலைப் பிளையரில் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதவும். அதற்கும் மசியவில்லை என்றால் கரண்டு ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி மெதுவாக நுழைத்துப் பார்க்கலாம். செம்பு மிருது, பிளாஸ்டிக்கைக் கிழிக்காது.

நாசில்ல அடைப்பா, உள்ள அடைப்பான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

அதே மாதிரி இன்னொரு டின்னின் நல்ல நாசிலைக் கழற்றி இதில் மாட்டி அமுக்குங்கள். வந்தால் கோளாறு பழைய நாசிலில். வரவில்லை என்றால் வால்வுத் தண்டிலோ, உள்ளே குழாயின் அடியிலோ.

கழற்றும்போது நாசில் முகம் உங்களைப் பார்க்காமல் திருப்பி வைத்து, லேசாகத் திருகி நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் தண்டு வளைந்துவிடும். மாட்டும்போது நாசில் இறங்கும் வேகத்தில் கொஞ்சம் பெயிண்ட் அடிக்கும், அதனால் அட்டைப்பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள்.

எதுல ஊற வைக்கணும்? வீட்ல மண்ணெண்ணெய் இருக்கு, சானிடைசரும் இருக்கு.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான) தின்னர்தான் முதல் தேர்வு. அசிட்டோனும் நல்லது. நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் நாசில் முங்கும் அளவு, 20 மில்லி தாராளம். கால் மணி முதல் ஒரு மணி நேரம்.

மண்ணெண்ணெய், காய்ந்த லாக்கரை (கரைப்பான் ஆவியாகியே காயும் பெயிண்ட்) கரைக்காது, எண்ணெய்ப் பசையை மட்டும் விட்டுப்போகும். அந்தப் பசை அடுத்த முறை பெயிண்டில் மீன் கண் மாதிரி வட்ட வட்டக் குழி விழ வைக்கும். டர்பன்டைன் ஈரமான எனாமலுக்கு மட்டும் சரி. சானிடைசர் பெரும்பாலும் வீண். பெட்ரோல் தின்னரைவிடச் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, அந்தப் பேச்சே வேண்டாம். டப்பாவில் 'தண்ணீர் அடிப்படை' என்று போட்டிருந்தால் தின்னரே தேவையில்லை. காய்வதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும்.

தெர்மாகோல் கப்பில் தின்னர் ஊற்றாதீர்கள், கப்பே கரைந்து ஓடும். தெர்மாகோல் பிள்ளையாருக்கு இந்த டின்னை நேரடியாக அடித்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ரெண்டு நாள் ஊற வச்சும் அசையவே இல்லியே?

இங்கேதான் பெயிண்டின் ஜாதி முக்கியம். லாக்கர் ரகம் காய்வது கரைப்பான் ஆவியாவதால் மட்டும். பல மாதம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். சிந்தெட்டிக் எனாமல் அப்படி இல்லை. ஆவியான பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. முதல் நாள் கரையும், ஒரு வாரம் கழித்துக் கரையாது. தின்னரில் ஊறிச் சுருங்கிப் புண் மாதிரி உப்பும், அவ்வளவுதான்.

எந்த ரகம் என்று லேபிளில் தெரியாவிட்டால், மூடியின் மேல் காய்ந்து தெறித்திருக்கும் புள்ளி ஒன்றைத் தின்னர் தொட்ட பஞ்சால் தேயுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் லாக்கர். தோல் மாதிரி சுருண்டு கிளம்பினால் எனாமல். எனாமல் நாசில் ஒரு வாரம் காய்ந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு நாசில் தேடுங்கள்.

இன்னொன்று: நாசிலை மாதக்கணக்கில் தின்னரிலேயே போட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஊதி, துளையுள்ள சின்ன வளையம் கழன்று விழும். சுத்தமானதும் எடுத்து ஊதிக் காயவைத்து, மூடியுள்ள டப்பியில் போடுங்கள்.

அப்போ வேற டின்னு நாசில மாட்டிக்கலாமா?

மாட்டலாம், ஆனால் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தண்டு டின்னில் நீட்டிக்கொண்டிருக்கும், நாசிலில் பள்ளம் இருக்கும். மற்றதில் டின்னில் பள்ளம், நாசிலின் அடியில் தண்டு. ஒன்று மற்றதில் பொருந்தாது. ஒரே வகை என்றாலும் தண்டின் தடிமன் ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் கசியும்.

இரண்டாம் வகையில், நாசில் தண்டின் அடியில் மெல்லிய வெட்டு ஒன்று இருக்கும். பெயிண்ட் ஏறும் வழியே அதுதான். முகத்துளை சுத்தமாக இருந்தும் வராவிட்டால் அந்த வெட்டைப் பாருங்கள். ஒவ்வொரு டின் தீரும்போதும் நாசிலைக் கழுவி எடுத்து வையுங்கள். அதைவிட மலிவான உதிரிப்பாகம் கிடையாது.

டபிள்யூடி-40 டின்னில் நாசிலை மாட்டி அடித்துச் சுத்தம் செய்வதும் உண்டு, தண்டு பொருந்தினால் வேலை செய்யும். ஆனால் உள்ளே எண்ணெய் தங்கும். தின்னரில் ஒருமுறை அலசி, பேப்பரில் நாலு அமுக்கு அடித்த பிறகே வேலையில் கை வையுங்கள். மேலே சொன்ன குழி இங்கேயும் விழும்.

நாசில் நல்லாத்தான் இருக்கு. தண்டுக்குள்ளதான் அடைப்பு. டின்ன ஓட்ட போட்டு எடுக்கலாமா?

கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் கொடுப்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும், அதாவது சமையல் கேஸில் உள்ள அதே சரக்கு. சில டின்களில் டைமெத்தில் ஈதர். எல்லாமே தீப்பற்றும். ஆணியின் ஒரு பொறி போதும்.

டின்னை நிமிர்த்தி வைத்து, தண்டின் வாயில் இரண்டே சொட்டு தின்னர் விடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பஞ்சால் உறிஞ்சி எடுத்து, மறுபடி இரண்டு சொட்டு. பிறகு நல்ல நாசிலை மாட்டி அமுக்குங்கள். மூன்று நாலு முறை பார்க்கலாம். நிறைய ஊற்றினால் வால்வு ரப்பர் ஊதி, அதன்பின் மூடாமல் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். அதற்கும் வராவிட்டால் அந்த டின்னை விட்டுவிடுங்கள்.

அடைக்கல, ஆனா அடிக்கும்போதே துப்புது. திட்டுத் திட்டா விழுது.

முதல் சந்தேகம் விரல் மேல். பாதி அமுக்கினால் வால்வு பாதி திறந்து, பெயிண்ட் புகையாகாமல் துளியாக வந்து நாசில் முகத்தில் சேரும். சேர்ந்தது பிறகு தெறிக்கும். ஒரே அமுக்காக முழுசாக அமுக்குங்கள். வேலைப் பொருளின் விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள், இடைவெளி 20 முதல் 30 செ.மீ.

இரண்டாவது, டின் குளிர்ந்திருப்பது. தொடர்ந்து அடித்தால் உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். டின் சில்லிட்டு, அழுத்தம் குறைந்து ஸ்ப்ரே சோரும். நம் ஊர்க் காற்றில் அந்தச் சில்லிட்ட டின் உடனே வியர்த்து, தண்ணீர் சொட்டி அடித்த இடத்தில் விழும். துணியால் துடைத்து ஐந்து நிமிடம் ஓரமாக வையுங்கள். இரண்டு டின் இருந்தால் மாற்றி மாற்றி அடிக்கலாம்.

கத்திரி வெயில்லயும் மழை மாசத்துலயும் வேற மாதிரி பண்ணுதே?

மே மாதம் 40 டிகிரியை ஒட்டும்போது பெயிண்ட் பொருளைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, மேலே மணல் மாதிரி சொரசொரக்கும். நாசில் முகத்திலும் அதே வேகத்தில் காயும். நடுவில் ஒரு டீ குடித்து வருவதற்குள் துளை மூடிவிடும். அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள், இடைவெளி விட்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள். மதியம் கடற்காற்று ஏறிவிட்டால் தேவனாம்பட்டினம் கரையோரம் படகு வேலை செய்கிறவர்களுக்கு மணலும் சேர்ந்து ஒட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரச்சினை நாசிலில் குறைவு, பரப்பில் அதிகம். லாக்கர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பால் தெளித்த மாதிரி வெளுக்கும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் தள்ளிப்போடுங்கள். லேசாக வெளுத்திருந்தால், காற்று காய்ந்த நாளில் மெல்லிய கோட் ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எங்க வைக்கணும்? பைக் டிக்கியில வச்சா பரவாயில்லையா?

டிக்கி, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, காரின் பின் கண்ணாடி ஓரம், மூன்றுமே வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் எல்லை 50 டிகிரி; வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது சாதாரணமாகத் தாண்டும்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை துரு. டின் தகரம். சிமென்ட் தரையில் நேராக வைத்தால் அடி மடிப்பிலும், மேலே வால்வைச் சுற்றிய கிண்ணத்திலும் துரு பிடிக்கும். கிண்ணத்துத் துருத்தூள் நாசிலைக் கழற்றும்போது தண்டுக்குள் விழுந்து, பெயிண்டே காயாத அடைப்பை உண்டாக்கும். பலகை மேல், நிமிர்த்தி, மூடி போட்டு வையுங்கள். கழற்றும் முன் கிண்ணத்தை ஒரு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அடி மடிப்பில் துரு செதிலாகக் கிளம்பிய டின்னைக் குலுக்கவே வேண்டாம்.

பழைய டின்னு, குண்டே அசையல. சுடுதண்ணியில போடலாமா?

முதலில் ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள், படிவு இளகும். மறுநாள் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரிக்குள், ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்துக் குலுக்குங்கள். அடுப்பின் மேல் தண்ணீரை வைத்து அதற்குள் டின்னைப் போடுவது, ஹீட்டர் காட்டுவது, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வெடிக்கும் வழி. குண்டு விட்டுக்கொண்டால் 2 நிமிடம் போதாது, ஐந்து நிமிடம் குலுக்குங்கள். முதல் சில அமுக்கு பேப்பரில்.

சிங்க் பிரைமரும் மெட்டாலிக்கும் மட்டும் ஏன் சீக்கிரம் அடைக்குது?

உள்ளே உலோகத்தூள் இருப்பதால். கனம் அதிகம், வேகமாகப் படியும், துகளும் பெரிசு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள். மேலே சொன்ன 'கேஸ் வீணாகும்' கணக்கை இந்த டின்களுக்குப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் கவிழ்த்து அடித்துவிடுங்கள்.

டூ-கே கிளியர் வாங்கினேன். மிச்சத்த அடுத்த வாரம் அடிக்கலாமா?

முடியாது. டூ-கே என்றால் இரண்டு பொருள் கலந்து இறுகும் ரகம். டின்னின் அடியில் உள்ள பட்டனைத் தட்டியதும் ஹார்டனர், அதாவது இறுக வைக்கும் பொருள், உள்ளே கலந்துவிடுகிறது. அதன்பின் லேபிளில் போட்டிருக்கும் நேரம்தான் ஆயுசு, சிலவற்றில் 24 மணி, சிலவற்றில் 48. பிறகு டின்னுக்குள்ளேயே இறுகும். கவிழ்த்து அடிப்பது, ஊற வைப்பது எதுவும் உதவாது. அது ரசாயன இறுக்கம், தின்னருக்கு மசியாது. பெட்ரோல் டேங்க் மேல் அடிக்க டூ-கேயைத் தேடுவதும் அதனால்தான், பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. எல்லா வேலையையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் பட்டனைத் தட்டுங்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, அது நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் உள்ள முகமூடி வேண்டும்.

நான் மனை அளக்கிறவன். மார்க்கிங் டின்ன கவுத்து அடிச்சா கலர்தான் வருது, கேஸ் வரல.

அந்த டின் கவிழ்த்து அடிப்பதற்கென்றே செய்தது, தரையில் கோடு போட. உள்ளே நீளக் குழாய் இல்லை. கவிழ்த்தால்தான் பெயிண்ட் வால்வுக்கு வரும். உங்களுக்கு எல்லாமே தலைகீழ்: வேலை முடிந்ததும் டின்னை நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள், கேஸ் வரும். கோடு போட்ட கையோடு மண் ஒட்டிய நாசில் முகத்தையும் துடைத்துவிடுங்கள். மனைப் போடும் இடத்தில் பெயிண்டைவிடச் செம்மண்ணால்தான் அடைப்பு அதிகம்.

தீந்துபோன டின்ன என்ன பண்றது? பழைய இரும்புக்காரர் வாங்கிக்குவாரா?

சத்தம் அடியோடு நிற்கும்வரை திறந்த வெளியில், பீடி, விளக்கு, வெல்டிங் எதுவும் பக்கத்தில் இல்லாமல், நிமிர்த்தியும் கவிழ்த்தும் அமுக்கித் தீர்த்துவிடுங்கள். நாசிலைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஸ்ப்ரே டின் என்று சொல்லியே கொடுங்கள், அவர் தெரியாமல் சுத்தியலால் நசுக்கப் போகிறார். அடைத்துக்கொண்டு உள்ளே இன்னும் கேஸ் உள்ள டின்னைப் பழைய இரும்பில் போடாதீர்கள். குப்பை வண்டிக்காரரிடம் தனியாக, விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். மார்கழிக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இந்த டின்கள் பழைய பாய், துடைப்பத்தோடு சேர்ந்து வாசலுக்கு வந்துவிடும். போகி நெருப்பில் போடும் முன் அந்தக் குவியலை ஒருமுறை கிளறிப் பாருங்கள்.